பத்துக்கு ஒன்பது

அப்பா,

நாளைக்கு எனக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை. தனித்தேர்வராக எழுதுகிறேன். பரீட்சை அட்டை வாங்க மறந்துவிட்டேன் என்றதும் அம்மா, "எதுக்கு வாங்கணும்? பீரோ மேல உங்கப்பா அட்டை கெடக்குல்ல, அத எடு" என்றாள். எடுத்துத் துடைத்தேன். கார்பன் வாசனை அடித்தது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. வாசனை போகவில்லை.

பார்க்க எல்லாப் பிள்ளைகளும் கொண்டுபோகும் அட்டை மாதிரிதான். பழுப்பு நிறம், தலையில் ஒரு கிளிப். உங்கள் மேஜிக் ரகசியத்தை வெளியே விடமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். இப்போது விடுகிறேன். மேலே ஒட்டியிருக்கும் தாளுக்கு அடியில் கார்பன், அதற்கும் அடியில் ஒரு வெள்ளைச் சீட்டு. மேடையில் நீங்கள் அடுத்தவர் மனதைப் படித்துக் காட்டும்போது, கூட்டத்தில் ஒருவர் தான் நினைத்ததை அட்டையில் வைத்து எழுதி, எழுதிய தாளை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொள்வார். நான் அட்டையை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், ஓரத்தில் இருந்து சீட்டை உருவி, உங்கள் கண்ணைக் கட்டும் கறுப்புத் துணிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவேன். துணியை உதறும்போதே படித்துவிடுவீர்கள். படித்த பிறகுதான் கண்ணைக் கட்டிக்கொள்வீர்கள்.

உங்களுக்கு உதவியாக மேடையேறியவர் சிங்கப்பூர் போனபோது நான் ஒன்பதாவது முடித்திருந்தேன். "ஒரு சீசன் மட்டும் வந்து நில்லுத்தா" என்றீர்கள். கூட்டத்தைக் கண்டாலே அவள் தலையைக் குனிந்துகொள்வாளே என்று அம்மா சொன்னாள். "அதுதான்டி நமக்கு வேணும். குனிஞ்ச தலை நிமிராத பிள்ளைய எவன் சந்தேகப்படுவான்?" என்றீர்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. உங்கள் சீசன் முடியவில்லை.

அந்த அட்டையை மதுரையில் மேஜிக் சாமான் விற்கிறவர் ஒருவர் அனுப்பியிருந்தார். "நீங்க சோதிச்சுப் பாத்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா மத்தவுக வாங்குவாகண்ணே" என்று போனில் கேட்டதில் உங்களுக்கு ஒரே பெருமை. ஆசாரி வேலை பார்த்த கை. முதலில் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தீர்கள். "ஒட்டு தட்டுப்படல. நல்ல வேலை." அப்புறம் இரண்டு நாள் என்னை எழுத வைத்தீர்கள். பேனாவில், பென்சிலில், ஸ்கெட்சில். ஸ்கெட்சில் ஒன்றும் விழவில்லை. நின்றுகொண்டு, மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்த்துக்கொண்டு. ஊர்ப் பெயர், பூப் பெயர், யானைப் படம். "வெள்ளைக்காரன் எழுதினா விழுந்துரும். நம்ம எழுத்துலதான் தகராறு. ரெண்டு சுழியா மூணு சுழியான்னு தெரியணும்ல. அழுத்தி எழுது" என்று ஒரு பக்கம் முழுக்க மனம், மணம், மனம், மணம் என்று எழுதச் சொன்னீர்கள்.

கடைசிச் சோதனைக்கு எழுந்து நின்றீர்கள். "இப்ப நான் அங்குட்டுத் திரும்பிக்கிறேன். உன் மனசுல இருக்கிறத எழுது. நெசமா ஒரு ஆளு எழுதுற மாதிரி இருக்கணும்."

வாயைத் திறந்து கேட்க எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுத்தி எழுதினேன். 'அப்பா, என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள்.'

சீட்டை உருவினீர்கள். படித்தீர்கள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை படித்தீர்கள். போனை எடுத்து, மேஜிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பப் பேசிப் பதிவு செய்தீர்கள். "தம்பிகளா, சாமான் பிரமாதம். பொடி எழுத்துகூட அப்பிடியே விழுகுது, ஒரு புள்ளி தவறல. ஸ்கூலு, கல்யாணம், ஓட்டல் ப்ரோக்ராம் எல்லாத்துக்கும் ஆகும். கார்பன் வாசந்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு. அதுக்கு ஒரு மார்க்கக் கொறச்சுக்கிட்டு, பத்துக்கு ஒம்பது."

சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டீர்கள்.

அந்த மாதமே மானகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போனோம். என் வயதுப் பிள்ளை ஒருத்தி மேடைக்கு வந்து எழுதினாள். சீட்டில் 'நர்ஸ் ஆகணும்' என்று விழுந்திருந்தது. நீங்கள் கறுப்புத் துணி கட்டிய முகத்தை அவள் பக்கம் திருப்பினீர்கள். "வெள்ளை உடுப்பு ஒண்ணு தெரியுது. ஆஸ்பத்திரி வாசம் வருது. யாரு தடுத்தாலும் நீ படிப்ப மட்டும் விட்றாதத்தா." கைதட்டல் ஓயவே இல்லை. அவள் அழுதாள், அவளுடைய டீச்சரும் அழுதார். நான் திரைக்குப் பின்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு எட்டு நிறுத்தம் ஆனது.

"அப்பா, அன்னைக்கு நான் எழுதுனதப் படிச்சீகளா?"

"படிக்காமயா? அதப் பாத்துத்தான ஒம்பது குடுத்தேன்" என்று சிரித்தீர்கள். சிரித்தபடியே கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டீர்கள்.

முடியாது என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன். பிறகு மறந்திருப்பேன். நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. நீங்கள் இறந்த அன்று வந்தவர்கள் எல்லாரும், "அடுத்தவுக மனச அப்பிடியே படிச்சுச் சொல்லுவாகளே" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் தலை நிமிரவில்லை. கூச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

நீங்கள் போனதால் மேடை போனது. மேடை போனதால்தான் எனக்குப் படிப்பு வந்தது. இப்படி எழுதவே அவமானமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இன்று சாயங்காலம் மேல்தாளைப் பிரித்துக் கார்பனை வெளியே எடுத்தேன். ஜன்னலில் பிடித்தால் எழுத்துகள் தெரிந்தன. யார் யார் பெயரோ, பிறந்த தேதியோ, ஒரு மயில் படமோ, ஒன்றன்மேல் ஒன்று. என் வரியைத் தேடினேன். இருக்காது என்று தெரிந்தும் தேடினேன். நீங்கள் மாதம் ஒரு கார்பன் மாற்றுவீர்கள். அதைக் கசக்கி அதே கூடையில் போட்டுவிட்டு, சோற்றுப் பருக்கையால் தாளைத் திரும்ப ஒட்டினேன். இனி இதில் எதுவும் விழாது.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது கையில் இருக்கும் அழுத்தம். "மெதுவா எழுது, தாள் கிழியப் போகுது" என்று டியூஷன் டீச்சர் தினமும் சொல்கிறார். மாற்றிக்கொள்ள முடியவில்லை.

காலையில் இந்த அட்டையோடு போகிறேன். இதில் வைத்து நான் எழுதுவதை முன்பின் தெரியாத யாரோ ஒருவர் படிப்பார். நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்து மார்க் போடுவார்.