காரைக்கால் பஞ்சாங்கமும் சைகோன் கடிகாரமும்

அதட்டலிலேயே அன்பு காட்டிய என் அப்பாவுக்கு,

பரீட்சை முடிந்துவிட்டது. எப்படி எழுதினாய் என்று கேட்பீர்கள். தெரியவில்லை அப்பா. அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காமல்தான் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

மருந்தியல் கல்லூரிக்கு மனு எழுதி வைத்தாயிற்று. பள்ளியிறுதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. தேறினால் கல்லூரி, தவறினால் பட்டாளம். எனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்த துவான் போன வருஷம் தவறினான். இப்போது அவன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிகிறது.

வெளிநாட்டார் துணிக்கடை நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தபோது, சைகோனின் 'பென்-தான்' சந்தையிலிருந்த நம் கடையை, இந்த நாட்டுக்காரியான அம்மா பேருக்கு மாற்றினீர்கள். என்னையும் இந்த நாட்டுப் பிரஜையாகவே பதிந்தீர்கள். அதனால்தான் பட்டாளம் என்னையும் கூப்பிடும். உங்கள் மேல் குறையில்லை. சண்டை இப்படி வளரும் என்று யார் கண்டது?

நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் தலைத்திவசத்தை வைத்து வீடு இரண்டுபட்டது.

நீங்கள் போன அன்றே சித்தப்பா, காரைக்காலிலிருந்து தருவித்த பஞ்சாங்கத்தைப் பார்த்து, திதி தசமி என்று குறித்துவிட்டார். இந்த வருஷம் அந்தத் தசமி என் பரீட்சையின் முதல் நாளிலேயே வந்து உட்கார்ந்தது.

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும்டா. அண்ணனுக்குத் தலைத்திவசம் ஒரு தடவதான்" என்றார்.

அம்மா கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்தாள். "அடுத்த வருஷம் இவன் கையில பேனா இருக்காது தம்பி. துப்பாக்கி இருக்கும். அதுக்கா உங்க அண்ணன் படிக்க வெச்சாரு?"

"வியட்நாம்காரிக்கு நம்ம சாங்கியம் எங்க புரியும்?" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அன்று அம்மா சாப்பிடவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அந்த வார்த்தை நம் வீட்டில் வந்திருக்குமா?

சித்தப்பா மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் முழுசாக வரவில்லை. கொள்ளி வைத்தவன் நான். உங்களைப் பட்டினி போட்டுவிட்டு எந்தக் கல்லூரிக்குப் போவது?

பரீட்சைக்குப் பூகோளம் படித்துக்கொண்டிருந்தேன். தீர்க்கரேகை, நாட்டுக்கு நாடு நேர வித்தியாசம். அப்போது உங்கள் ஞாபகம் வந்தது. கடை திறக்கக் கிளம்பும்போதெல்லாம் சொல்வீர்களே, "ஊர்ல இன்னும் விடியலடா" என்று. புத்தகத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். பஞ்சாங்கம் சொல்வது நம் ஊர் நேரம். சித்தப்பா அதோடு சேர்த்துப் பார்த்தது இங்குள்ள ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்தை! நீங்கள் இங்கே விடிகிற நேரத்தில் கண்ணை மூடினீர்கள். அங்கே நல்ல இருட்டு, நவமி முடியவே இல்லை. அப்படியானால் திதி பரீட்சைக்கு முந்திய நாள்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "உனக்குத் தோதாத் திதிய மாத்துறியா? பஞ்சாங்கம் தப்புங்கறியா?" என்று சீறினார்.

"பஞ்சாங்கம் சரிதான் சித்தப்பா. நீங்க பாத்த கடிகாரந்தான் வேற ஊரு."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கும் நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கு உண்மையிலேயே சரியா, அல்லது பயந்தவனுக்குக் கணக்கு இப்படித்தான் வருமா?

நவமியன்றே திதி கொடுத்தேன். இங்கே காக்கைக்கு எங்கே போவது? மொட்டைமாடியில் வைத்த சோற்றைச் சிட்டுக்குருவிகள்தான் கொத்தின. அம்மா பக்கத்திலேயே நின்றாள். சித்தப்பா வரவில்லை.

மறுநாள் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தால், கொட்டுகிற மழையில் பள்ளி வாசலில் அவர். நனைந்த வேட்டி, கரைந்து வழியும் விபூதி, கையில் தூக்குச்சட்டி. தசமிக்குத் தானே திதி கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார்.

"ரெண்டு நாளும் சாப்பிடட்டும் எங்கண்ணன். ஒன் கணக்கு தப்பா இருந்தாலும் அவரு பட்டினி இல்ல, என் கணக்கு தப்பா இருந்தாலும் பட்டினி இல்ல."

தூக்கை என்னிடம் நீட்டினார். "அண்ணிக்கும் இருக்கு" என்று சொல்லும்போது முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா அந்தச் சோற்றைச் சாப்பிட்டாள் அப்பா, ஒரு பருக்கை மீதி வைக்காமல்.

பரீட்சை முடிவை எந்த நாளும் பள்ளியில் ஒட்டலாம். என் பெயர் இருந்தால் அன்றைக்கே மனுவைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இல்லாவிட்டால் அடுத்த ஆனியில் உங்கள் திவசம் வரும்போது எந்தக் காட்டில் கிடப்பேனோ. பயமாக இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா?

ஒன்று மட்டும் சத்தியம். எங்கே இருந்தாலும் ஊர் நேரத்துக்குக் கணக்குப் போட்டு, உங்கள் நவமியில் எள்ளும் தண்ணீரும் விடுவேன். என்னால் முடியாமல் போனால், மறுநாள் சித்தப்பா விடுவார்.

உங்கள் ஒரே பிள்ளை,
குமரவேல்