காத்தாடியில ஒரு ஆளுக்குத்தான் எடம்

பாத்தேம்பா. கிட்டவே நின்னு பாத்தேன். மந்திரி வர்றாரு, ஹெலிகாப்டர் எறங்கறப்ப புழுதி பறக்காம ஸ்கூல் கிரவுண்டுல தண்ணி தெளிக்கணும்னு கான்ட்ராக்ட்ல ஆள் எடுத்தாங்க. படிப்ப பாதியில வுட்டவனுக்கு வேற என்ன வேல? அது எறங்கறப்ப அடிச்ச காத்துல ஈர மண்ணு மூஞ்சில அப்புச்சு. மண்ணெண்ண நாத்தம். ஒடனே ஒன் ஞாபகம்.

நீ செத்து எட்டு மாசம். அழுவ வரல. இப்பவும் வரல.

நீ அத ஹெலிகாப்டர்னு சொன்னதேயில்ல. "காத்தாடி வந்து தூக்கிட்டுப் போச்சு"ம்ப. ஒங்க ராமநாதபுரத்துல காத்தாடின்னா ஃபேனு. இங்க காத்தாடின்னா நூல் கட்டி பறக்க வுடறது. பர்மா சண்டையில குண்டடி பட்டவன பட்டம் தூக்கிக்கினு போச்சுன்னா எவன் நம்புவான்? கம்பெனி குவார்ட்டர்ஸ் பிளாக்கே சிரிச்சுது. எதிர் குவார்ட்டர்ஸ் மாமா தெனமும் கேப்பாரு, "என்னண்ணே, ஷிப்டுக்கு சைக்கிளா, காத்தாடியா?" நீயும் கூட சேந்து சிரிப்ப.

நீ ரிட்டயர் ஆன அன்னிக்கு மால போட்டு கொண்டாந்து வுட்டாங்க. வூடு நெறய ஆளு. நீ மறுபடி ஆரம்பிச்ச.

"ரெண்டு பேரு கெடந்தோம். எனக்குக் கால்ல, அவனுக்கு வயித்துல. காத்தாடியில ஒரு ஆளுக்குத்தான் எடம். என்னிய மொதல்ல ஏத்திட்டாக. அவன்..."

"போதும்பா, புளுவாத. மானம் போவுது"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. நீ மாலைய கழட்டி ஆணியில மாட்டுன. "காபி குடிங்கப்பா"ன்ன. அப்புறம் அந்தப் பேச்ச நீ எடுக்கவேயில்ல.

இன்னிக்கு அந்த ஹெலிகாப்டர் மெக்கானிக்கிட்ட கேட்டேன், "சார், பர்மா சண்டையிலயே இது இருந்துச்சா?"

"கடைசியில வந்துச்சுப்பா. பொம்ம மாதிரி இருக்கும். ஓட்டறவன் போக ஒரு ஆளத்தான் தூக்கும். வெயில்ல இன்ஜின் கொதிச்சுரும். ஆறுனாத்தான் அடுத்த ஆளு."

"ஆற நேரமாவுமா?"

"சமயத்துல மறுநாளு கூட ஆயிரும். ஏன், ஒங்கப்பா பாத்தாரா?"

"ஏறுனாரு. ரெண்டு பேரு அடிபட்டுக் கெடந்தாங்களாம், இவர மொதல்ல ஏத்திட்டாங்களாம்."

அவரு சிரிக்கல. "அப்ப கூட இருந்தவன் என்ன ஆனான்?"ன்னாரு.

எனக்குத் தெரியலப்பா. இத்தன வருசத்துல ஒருத்தனும் கேக்கல. நாங்க காத்தாடியிலயே நின்னுட்டோம். நீ சொல்ல வந்தது அவனப் பத்தி. அவன் பேரு என்ன, எந்த ஊரு, திரும்பப் போயி ஏத்துனாங்களா, ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சது ஒனக்கு மட்டுந்தான். ஒன் வாய நான் அடச்சேன்.

சாப்பாட்டு நேரத்துல பந்தல் ஓரமா குந்திக்கினு இத எழுதறேன். அவன் இன்னும் அங்கியே கெடக்கறான், வயித்தப் புடிச்சிக்கினு, மேல பாத்துக்கினு. இனிமே அவன் எங்கூடத்தான் இருப்பான் போல.

மேஸ்திரி கத்தறான். போவணும்.