இருபத்து மூன்று நாள் விடுப்பு

அன்புள்ள வாண்டுவின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இருங்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் உங்கள் மகள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எப்படிப் பேசுவது? அவள் இல்லாதபோது இவ்வளவு பேச நேரம் கிடைப்பதில்லை. அதோடு, இந்த உறையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் நீங்கள் பேனாவால் கையெழுத்துப் போட்டு இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். படம் பிடித்துப் போனில் அனுப்பினால் செல்லாதாம். உங்கள் போனிலிருந்து வருவது எதையும் இனி அந்தப் பள்ளிக்கூடம் நம்பாது.

செவ்வாய்க்கிழமை தலைமை ஆசிரியை என்னை வரச் சொன்னார். இந்த வருஷம் அந்தப் பள்ளிக்கு அறுபது சீருடை தைத்துக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, எங்கோ பொத்தான் பிய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று ஊசி நூலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே போனால் வாண்டு நிற்கிறாள். ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் வருகைப் பதிவேடு. இந்த வருஷம் இதுவரை இருபத்து மூன்று நாள் வரவில்லையாம். இன்னும் ஐந்து நாள் வராவிட்டால் அடுத்த வருஷமும் நான்காம் வகுப்பிலேயே உட்கார வேண்டியதுதானாம்.

ஆனாலும் ஒவ்வொரு விடுப்புக்கும் நான் கடிதம் கொடுத்திருக்கிறேனே என்று தைரியமாகத்தான் இருந்தேன். அப்போதுதான் அவர் உங்கள் போன் செய்திகளை அச்சடித்த இன்னொரு கட்டுத் தாளை எடுத்தார். பிள்ளை வராத ஒவ்வொரு நாளும் காரணம் கேட்டுப் பள்ளியிலிருந்து உங்கள் போனுக்குச் செய்தி வரும், நீங்களும் மறக்காமல் பதில் போடுவீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு. காப்பாற்றுகிறவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆறாம் தேதி நான் பல்வலி என்று எழுதினேன், நீங்கள் கண்வலி என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்காம் தேதி எனக்குக் காய்ச்சல், உங்களுக்கு நெருங்கிய உறவினர் திருமணம். அவள் காய்ச்சலோடு கல்யாணத்துக்குப் போனாளா, கல்யாணத்துக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்ததா என்று தலைமை ஆசிரியை கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன இடத்தில்தான் வந்தது என்றேன். விடியற்காலையிலிருந்தே காய்ச்சல் அடிப்பதாக என் கையாலேயே எழுதியிருந்த கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அதோடு விட்டதா? உங்கள் மகளும் தன் பங்குக்கு ஒரு நாள் காலையில் கூடப் படிக்கிற பிள்ளையிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், நான்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன் என்று முத்து முத்தான எழுத்தில். அன்றைக்குப் பதினோரு மணிக்குச் சீருடை மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளி அலுவலகத்தில் நின்றவள் நான். எனக்குக் கதவைத் திறந்துவிட்டவரே வகுப்பாசிரியைதான். இவ்வளவு சீக்கிரம் குணமாகிவிட்டீர்களே என்று அன்றைக்கே ஆச்சரியப்பட்டதாகச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். நம் வீட்டில் மூன்று பேர், மூன்று பொய். ஒன்றுக்கொன்று முகம் கூடப் பார்த்ததில்லை.

தலைமை ஆசிரியை சத்தம் போடவில்லை. "குழந்தைக்கு லீவு எடுக்கத் தெரியாதும்மா. எடுத்துக் குடுக்கிறது பெத்தவங்கதான்" என்றார். பிறகு வாண்டுவைப் பார்த்து, ஏன் வருவதில்லை, உண்மையைச் சொல் என்று கேட்டார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, அதனால்தான் என்றாள். அவரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவளை ஒரு பிடி பிடித்தேன் பாருங்கள். தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். உங்களையும் சேர்த்துத்தான் திட்டினேன். உங்கள் சலவைக் கூடத்தில் ஓய்வு விடும்போது இங்கே மணி பத்து. வேலை நாளில் பத்து மணிக்குப் பிள்ளை வீட்டில் இருக்கிறாளே என்று கேட்க வேண்டிய அப்பா, வயிற்றுவலி என்று அவள் சொன்னதும், சரி கண்ணு ரெஸ்ட் எடு என்கிறீர்கள். செல்லம் கொடுப்பது நீங்கள், குட்டு வாங்குவது நான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மருந்துக்கடைத் திருப்பத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. நான் நிறுத்தும்வரை பொறுமையாக இருந்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நீ இருன்னு சொன்னதை நான் மிஸ்கிட்ட சொல்லலம்மா."

அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இருபத்து மூன்று நாளில் முதல் ஒன்பது நாள் அவளுடைய வயிற்றுவலி. அதை மறுக்கவில்லை. மீதிப் பதினான்கு நாளும் என்னுடையவை. ஓவியப் போட்டியன்று காலையில் ஷூ மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு, வண்ணப் பென்சில் டப்பாவோடு வாசலில் நின்றாள். இருடி, அப்பா கூப்பிடுவார், பேசிவிட்டுப் போ என்றேன். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவள் மடியில் இருந்தால் நீங்கள் இருபது நிமிடம் பேசுகிறீர்கள். துணி துவைக்கும் மிஷினைக் காட்டுகிறீர்கள், உங்கள் மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுகிறீர்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறேன். நான் மட்டும் இருந்தால் சிலிண்டர் வந்ததா, தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா, சரி, வைக்கட்டுமா. இரண்டு நிமிடம். குறை சொல்லவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆனவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது என்று நானே கேட்டுக்கொண்டதுண்டு. ஆனாலும் அந்த இருபது நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையின் படிப்பில் கை வைத்திருக்கிறேன். பழியையும் அவள் தலையிலேயே விழ விட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று தனியாகப் போய்த் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்ததை என் கண்ணெதிரே கோடு போட்டு அடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தன் வீட்டுக்காரர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், அவரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் ஐந்து நாள் ஐந்து நாள்தான், அதில் ஒரு நாளும் கூட்டித் தர முடியாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

அந்தத் தாளில் பிள்ளையின் வருகைக்குப் பெற்றோர் இருவரும் பொறுப்பு என்று போட்டிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் நீங்களாக ஒன்றும் எழுதிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாண்டு உங்களுக்குத்தான், ஆசை தீரப் பேசுங்கள். மற்ற நாளெல்லாம் பத்து மணிக்கு அவள் வகுப்பில் இருப்பாள். அங்கே ஆவியில் நின்று வேலை செய்கிறீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். கடவுள் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

வார நாளில் பத்து மணிக்குக் கூப்பிடாதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை. கூப்பிடுங்கள். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

என்றும் உங்கள்,
மனைவி