ஒத்தையாளின் இடது கை

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் ஒரு பல் டாக்டர். பயப்படாதீர்கள், இது பல் சம்பந்தமான கடிதம் இல்லை. சென்ற ஆண்டு காலமான உங்கள் அண்ணனின் பியானோவைக் கேட்டே பாதி வாழ்நாளைக் கழித்தவர்களில் நானும் ஒருவன். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் உங்கள் முகவரியைக் கொடுத்தார். "ஒரு தங்கச்சி இருக்காங்க, ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் எழுதுகிறேன் என்றால் எங்கள் தேவை அப்படி.

நாங்கள் அவரை ஒத்தையாள் என்றுதான் சொல்வோம். ஜாஸ் என்றால் கூடவே டிரம்ஸ் வேண்டும், பேஸ் கிட்டார் வேண்டும் என்பார்கள். அவர் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. மரச்சாமான் கடைக்கு மேலே இருக்கும் சின்ன அரங்கில் சனிக்கிழமைதோறும் தனியாக வருவார், கோட்டைக் கழற்றிப் பியானோ மேலேயே போடுவார், வாசிப்பார், போய்விடுவார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேர் வாசிப்பது மாதிரியே இருக்கும். அந்த இடது கை தனி ஆள், அம்மா. வலது கை ஏதாவது கேட்கும், இடது கை யோசித்துப் பதில் சொல்லும். சில சமயம் கிண்டல்கூடப் பண்ணும்.

ரசிகர்கள் நாங்கள் அவருக்குச் செய்த ஒரே சேவை, அமைதியைக் காத்தது. வாசிப்பு தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுவோம். நடுவில் எழுந்து போனவர் போனவர்தான், திரும்ப உள்ளே விடமாட்டோம். கதவுப் பொறுப்பு என்னுடையது. என் மனைவியையே ஒரு தடவை வெளியே நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாலை அவர் வாசித்ததை நான் ஒலிநாடாவில் பதிவு செய்திருக்கிறேன். அன்று ஒரு பாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டார். பிறகு வலது கையால் மட்டும் கடைசி வரை வாசித்தார். இடது கை மடியிலேயே கிடந்தது. எங்களில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். அது வெறுமையைப் பற்றிய தத்துவம் என்று நீளமாகக் கட்டுரை எழுதினார். மணிக்கட்டு வலி என்பது என் கட்சி. இன்று வரை சண்டை ஓயவில்லை.

அவர் மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி அந்தப் பதிவை இசைத்தட்டாக வெளியிட ஆசைப்படுகிறோம். உங்களைத் தவிர அவருக்கு உறவு இல்லை. உங்கள் சம்மதம் வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பல் டாக்டர்


ஜனவரி 21

பல் டாக்டருக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் பல், நான் கண். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

இடது கையைப் பற்றி எழுதியிருந்தீர்களே. எங்கள் வீட்டில் ஒரே பியானோ, ஒரே பெஞ்சு. வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் நான். அப்படித்தான் இரண்டு பேரும் வாசித்து வளர்ந்தோம். கல்யாணமாகி நான் வந்த பிறகு என் பங்கையும் அவனே பழகிக்கொண்டான் போலிருக்கிறது. கிண்டல் என்று எழுதினீர்களே, அது என்னுடையது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பேச்சுவார்த்தை இல்லாததும் உண்மைதான். அம்மா கடைசியாகக் கண்ணை மூடும்போது அவன் எங்கேயோ வாசித்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றான். "உனக்கு மனுஷங்களே வேணாம். தனியாவே வாசிச்சுக்கிட்டுக் கிட" என்று சொன்னேன். அவனும் அப்படியே செய்துவிட்டான். நான் சொன்னது நியாயம்தான் என்று இன்றைக்கும் பாதி மனசு சொல்கிறது. மீதிப் பாதிதான் தூங்கவிட மாட்டேன் என்கிறது.

சம்மதம் இருக்கட்டும். அது எந்த மாலை என்று எழுதவில்லையே? மழை பெய்த நாளா?

கண்ணாடிக் கடைக்காரி


ஜனவரி 30

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை ரசிகர் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். (உங்கள் அம்மா காலமான பகுதியைப் படிக்கவில்லை. அது எனக்கு மட்டும் எழுதியது என்று எடுத்துக்கொண்டேன்.) இத்தனை நாள் நாங்கள் மெச்சிக்கொண்டிருந்த இடது கை நீங்கள்தான் என்றதும் பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். அவர் சாமானியமாக எதற்கும் எழுந்திருக்கிற ஆள் இல்லை.

ஆமாம், நல்ல மழை பெய்த நாள்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?

இத்துடன் இசைத்தட்டின் மாதிரி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். நானே கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்தேன். மழைச் சத்தம், நாற்காலி கிறீச்சிடுவது, யாரோ ஒரு புண்ணியவான் விடாமல் இருமியது, உங்கள் அண்ணன் வழக்கமாக முணுமுணுப்பது, எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிட்டேன். பிடுங்கிப் பழகிய கை அல்லவா. இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
பல் டாக்டர்


பிப்ரவரி 11

தம்பி,

கேட்டேன். கடையைச் சாத்திவிட்டு, கண் பரிசோதிக்கிற அறையில் உட்கார்ந்து கேட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி துளி தூசி இல்லை. ஆனால் அதில் நானும் இல்லை.

அந்தப் புண்ணியவான் நான்தான்.

எத்தனையோ வருஷம் வீம்பாக இருந்துவிட்டு அன்றைக்கு என்னவோ தோன்றிப் புறப்பட்டு வந்தேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தானா, சும்மா நிமிர்ந்தானா, தெரியாது. பிறகு எங்கள் பெஞ்சுப் பாட்டை எடுத்தான். எனக்குச் சின்ன வயசிலிருந்தே நெஞ்சு படபடத்தால் இருமல் வரும். வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன், முந்தானையைக் கடித்தேன், நிற்கவில்லை. உங்கள் ஆட்கள் எல்லாரும் திரும்பி என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்கள். அவன் வாசிப்பைக் கெடுக்கக் கூடாது என்று எழுந்து வெளியே போனேன். இருமி முடித்துவிட்டுத் திரும்ப வரலாம் என்றுதான் போனேன். ஒல்லியாக ஒருவர் எனக்குப் பின்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். நீங்கள்தானே?

படியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வாசிப்பு நின்றது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை, மழைதான் கேட்டது. என்னைப் பார்த்த எரிச்சலில் வாசிக்கப் பிடிக்காமல் நிறுத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டேன். அவன் காலமான பிறகும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வலது கையால் திரும்பவும் வாசித்தான் என்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், தம்பி. கோபத்தில் நிறுத்தினானா, இல்லை நான் போய்விட்டேன் என்று நிறுத்தினானா? நீங்கள் சுத்தம் பண்ணாத பழைய நாடா இன்னும் இருக்கிறதா? இருந்தால் என் இருமலுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, அப்படியே எழுதுங்கள். சம்மதமெல்லாம் அதற்கப்புறம்.

கண்ணாடிக் கடைக்காரி


பிப்ரவரி 20

அன்புள்ள அம்மா,

நான்தான் அது. தாழ்ப்பாள் போட்ட ஒல்லி ஆள் நான்தான்.

நாடா இருக்கிறது. மூன்று தடவை கேட்டேன். பிறகு என் காதை நம்பாமல் மனைவியைக் கூப்பிட்டேன். எதைக் கேட்கப் போகிறாள் என்று சொல்லாமல் கேட்க வைத்தேன். அவள் சொன்னதும் நான் கேட்டதும் ஒன்றுதான். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் இருமல். அது கேட்கும்போது அவர் நிறுத்தவில்லை, வாசித்துக்கொண்டேதான் இருக்கிறார், கொஞ்சம் மெதுவாக. பிறகு நாற்காலி நகர்கிறது. பிறகு கதவு, தாழ்ப்பாள். தாழ்ப்பாள் விழுந்த உடனே பியானோ நிற்கிறது. அப்புறம் மழை. அந்த மழைக்குள்ளே உங்கள் அண்ணன் பேசுகிறார். வழக்கமான முணுமுணுப்பு என்று நினைத்து நான் வெட்டி எறிந்தது அதைத்தான்.

"அவ வரட்டும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் வலது கையை எடுத்து வைக்கிறார்.

அவர் யாருக்காகக் காத்திருந்தாரோ அவர் படியில் நிற்கிறார், நடுவில் நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்கிறேன். நாடாவை அப்படியே நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இசைத்தட்டு வேண்டாம் என்றாலும் நீங்கள் சொல்வதுதான் முடிவு.

பல் டாக்டர்


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டேன். அவன் குரல்தான்.

பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்கும்போது எனக்கு இருமல் வந்தால் அண்ணன் என்ன செய்வான் தெரியுமா? ஒரு நொடி நிறுத்துவான். பிறகு தன் பங்கை மட்டும் வாசித்துக்கொண்டே போவான், என் பங்கை அப்படியே காலியாக விட்டுவிட்டு. நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எங்கே வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். "நீ பாட்டுக்கு இருமிட்டு வா, இடம் இருக்கும்" என்பான். அவ்வளவுதான் விஷயம். வெறுமையும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. பேராசிரியரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாவம், கட்டுரையெல்லாம் எழுதியிருக்கிறார்.

கடையில் இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. வந்தவர்களிடம் எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, நான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வாசிப்பு கெடக் கூடாது என்று நான் வெளியே போனேன், அதே காரணத்துக்குத்தான் நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். நாம் இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோம்.

இசைத்தட்டை வெளியிடுங்கள். ஆனால் பிடுங்கியதையெல்லாம் திரும்ப நட்டுவிடுங்கள். மழை, நாற்காலி, இருமல், தாழ்ப்பாள், அவன் குரல், ஒன்றும் குறையக் கூடாது.

ஓராண்டு நினைவுக் கூட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் அந்த நாடாவைப் போடும்போது மேடையில் பியானோ திறந்திருக்கட்டும். ஒற்றை நாற்காலி வேண்டாம், பெஞ்சாகப் போடுங்கள். நான் இடது பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். விரலெல்லாம் மரத்துப்போய்விட்டது, ஆனாலும் அந்த ஒரு பாட்டு எனக்கு மறக்காது. அவன் காலியாக விட்ட இடத்தில் சேர்ந்துகொள்கிறேன்.

நடுவில் இருமல் வந்தாலும் வரும். வந்தால் எழுந்து போகமாட்டேன். நீங்களும் அன்றைக்குக் கதவைத் திறந்தே வையுங்கள்.

உங்கள் மனைவியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
ஒத்தையாளின் தங்கை