மூக்குப்பேணி தந்த நாள்

மாமி,

உங்கள் தமையன் மகன் நேற்று நாரந்தனைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரச்சொல்லிவிட்டு, ஒரு போத்தல் நெய்யும் வைத்துப் போனான். மூடியைத் திறந்தேன். நெடுந்தீவு மாட்டு நெய். உங்கள் சேலைத் தலைப்பின் மணம். அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாதாம். சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது.

கடலுக்கு அப்பால் அக்கரையிலிருந்து என்னை வள்ளத்தில் கூட்டிவந்த அப்பா, நெடுந்தீவில் கரையேறிய கையோடு பேதியில் போய்விட்டார். அம்மா அங்கேயே இருந்தார். எனக்கு ஐந்து வயது இருக்கும். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் "எங்க ஊரு" என்றுதான் சொல்வேனாம். ஊர் அதிகாரி விதானையார் என்னைப் பிள்ளையில்லாத உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"ஆரும் தேடி வருமட்டும் வைச்சுப் பாருங்கோ" என்றார்.

"உது என்ன ஆக்களின்ர பெட்டை?" என்றீர்கள். என்ன சாதி என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியுமா?

"அப்ப சிரட்டையிலதான் தண்ணி. ஏனத்தில குடுத்துப்போட்டு நாளைக்கு ஆர் ஊர்ப்பேச்சுக் கேக்கிறது?"

நீங்கள் சமைக்கும் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. வாசலில் தேங்காய்ச் சிரட்டையை ஏந்திக்கொண்டு நிற்பேன். கை படாமல் மேலேயிருந்து ஊற்றுவீர்கள். பகல் முழுக்க உங்கள் மாடுகளுக்குப் பின்னால் சாணி பொறுக்கினேன். அதற்கு மட்டும் நான் என்ன ஆக்கள் என்று நீங்கள் கேட்கவில்லை!

பிறகு அந்த நாள். விடியவே என்னைத் தூரத்து மேய்ச்சல் தரைக்கு அனுப்பினீர்கள். பொழுதுபட்டு வந்தபோது நீங்களே குசினிக்குள் கூப்பிட்டு, நீங்கள் குடிக்கும் பித்தளை மூக்குப்பேணி நிறையப் பால் தந்தீர்கள். "இனி இதில குடி, மோனை" என்றீர்கள். மோனை! குடித்துவிட்டு, அந்தப் பேணியைக் கிணற்றடியில் புளி போட்டு மினுக்கினேன். அதுவரை மாமி என்றவள், அன்றைக்குத்தான் உங்களை முதன்முதலாக அம்மா என்றேன்.

அதற்குப் பிறகு அம்மாதான். சொந்தப் பிள்ளையைப் போல நகை போட்டுக் கட்டிக்கொடுத்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை.

உங்கள் செத்தவீடு முடிந்து திரும்பும்போது, வள்ளம் ஓட்டும் கிழவர் கரையில் வைத்து வாயைத் திறந்தார்.

"பிள்ளை, உன்ர தாயோட கூடப்பிறந்த அம்மான் அக்கரையில இருந்து உன்னைத் தேடி வந்தவர். நான்தான் ஏத்திக்கொண்டு வந்தனான். ஊர், ஆக்கள் எல்லாம் உன்ர மாமி விசாரிச்சவ. நல்ல ஆக்கள் எண்டு தெரிஞ்ச பிறகுதான் செம்பில தண்ணி குடுத்தவ. குடுத்துப்போட்டு, பிள்ளை பேதியில செத்துப்போச்சு எண்டு சொன்னவ. மனிசன் வழி முழுக்க அழுதுகொண்டு போனவர்."

"ஏன் அண்ணை அப்பவே சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"அவையின்ர காணியிலதானே எங்கட குடியிருப்பு. எப்பிடிச் சொல்லுறது?"

எந்த நாள் என்று கேட்டேன். உன்னை விடியவே தூரத்துத் தரைக்கு அனுப்பின நாள் என்றார். நீங்கள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்ட அதே நாள்.

உங்களுக்கு என்மேல் இருந்த பாசத்தில் அப்படிச் செய்துவிட்டீர்கள் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்கிறார். பாசமாம்! என் சாதி தெரியுமட்டும் அந்தப் பாசம் எங்கே கிடந்தது? நான் உங்கள் மாட்டில் பால் கறந்துகொண்டிருந்த நேரம், அக்கரையில் என்னைப் பெற்றவள் எனக்காகத் தலைவிரித்து அழுதிருப்பாள். செத்தவள் என்று எனக்கு எட்டுச் செலவும் செய்து முடித்திருப்பார்கள். நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.

அவள் இன்னும் உயிரோடு இருக்கலாம். போய்ப் பார்க்க எனக்குக் கால் இருக்கிறது. எந்த ஊருக்குப் போவது? அம்மான் சொன்ன ஊர்ப்பெயரைக் கிழவர் மறந்துவிட்டார். அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கிழவர் சொன்ன அன்று காலை, உங்கள் செத்தவீட்டில் மகள் என்று முன்னுக்கு நின்று, அந்த வாய்க்கு வாய்க்கரிசி போட்டவள் நான்.