தலை என் பக்கம், உடம்பு உன் பக்கம்

அன்புள்ளவளுக்கு,

என் நிலத்துக்கும் உன் அப்பா உனக்கு விட்டுப்போன நிலத்துக்கும் நடுவே இருந்த வேலியை நேற்று அறுத்துவிட்டோம். அறுத்தது நானும் உன் தம்பி டெல்மரும்.

மண்ணுக்குள் மூன்று கொம்பு டைனோசர் ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்தது. தலை என் பக்கம்; கழுத்துக்குப் பின்னால் எல்லாம் கம்பிக்கு அடியில் உன் பக்கம். தலையை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம். ஆனால் முழு விலங்குக்குத்தான் நல்ல விலை. அதற்குள் வானம் கறுத்தது. மொன்டானா மழை உனக்குத் தெரியும். இறங்கினால் களிமண்ணோடு எலும்பும் கரைந்துவிடும்.

டெல்மர் துப்பாக்கியோடு வந்து நின்றான்.

"கம்பியில கை வெச்சே, சுட்டுருவேன் மச்சான். இது அக்கா நிலம்."

"உங்க ரெண்டு பேருக்கும் பாதி தர்றேன்டா."

"அவ குதிரையைக் கேக்காம வித்தியே, அப்ப யாருக்குக் குடுத்தே பாதி?"

பேரம் பேசியே பிழைத்த நான் வானத்தைப் பார்த்தேன். முதல் துளி கொம்பில் விழுந்தது. அவன் கேட்டதற்கெல்லாம் சரி என்றேன். துப்பாக்கியை வைத்துவிட்டு அவனும் என்னோடு சேர்ந்து கம்பியை அறுத்தான். எலும்பைக் காக்க, சாக்கைச் சுண்ணச்சாந்தில் தோய்த்து இருவருமாக அதன்மேல் சுற்றி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

ஒப்புக்கொண்டது இதுதான்: நீ வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு எலும்பையும் விற்க மாட்டேன். வேண்டாம் என்றால், தலையும் உன்னுடையது.

இன்னும் உன் கணவன்.