அளக்காத வாடை

2005 ஆகஸ்ட் 9, பதுளை

போதும். இத்தனை வருசம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

இன்றைய பத்திரிகையில் பரமலிங்கத்தின் படம். கிழக்கில் வெள்ளைமுனைத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு கட்டப்போகிறார்களாம். 97இல் வரைந்து, சண்டையால் கிடப்பில் போட்ட அதே திட்டம். அதற்குத் தெற்கே, சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் குடியிருப்பு. கரையிலிருந்து சட்டப்படி தூரம் விட்டிருக்கிறார்களாம். கரையே உள்ளே வந்தால்?

ஆகஸ்ட் 11

பரமலிங்கமும் நானும் ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. 97 திட்டத்துக்கு அவன் தலைமையில் நாங்கள் செய்த ஆய்வில் அலையை அளந்தது சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் — கிழக்கில் கடல் குளம்போலக் கிடக்கும் மாதங்கள். ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பியதும் கொழும்புக்காரர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மிச்ச மாதங்களைத் தென்கரை அளவுகளால் நிரப்பினார்கள். அங்கே அந்த மாதங்களில்தான் கடல் அமைதி!

வெள்ளைமுனையில் வாடைக்குத்தான் மணல் தெற்கே ஓடும். குறுக்கே கல்லைப் போட்டால் தெற்குக்கு மணல் வராது. கடல் கரையைத் தின்னும். இதை ஓர் அத்தியாயமாக எழுதினேன். அத்தியாயம் போனது. அறிக்கை அட்டையிலிருந்து என் பெயரையும் பரமலிங்கம் எடுத்துவிட்டான். பிறகு இடமாற்றம், கடலே இல்லாத பதுளைக்கு, வீதி வேலைக்கு.

"கொஞ்சக் காலம் குளிரில இரடா மச்சான், மூளை ஆறும்" என்றான் பரமலிங்கம்.

ஆகஸ்ட் 19

பசறை வீதியில் மண்சரிவு. நாள் முழுக்க மழையில் நின்றேன். சாரதி விஜேந்திரன் கேட்டான்: "ஐயா கடல் இஞ்சினியராமே. இந்தப் பக்கம் கப்பல் வந்தா எங்கங்க கட்டுறது?" கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 28

மகள் லதுஷா கொழும்பிலிருந்து ரயிலில் வந்தாள். பொறியியல் முடித்த கையோடு நேர்முகத் தேர்வாம். யாருடைய பிரிவில்? பரமலிங்கத்தின் பிரிவில்.

"அந்த அங்கிள் உங்களைத் தெரியுமெண்டு சொன்னவர் அப்பா. சுகம் கேட்டவர்."



செப்டம்பர் 4

குடியிருப்புக்கு உதவி செய்யும் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணக்கோடு எழுதப்போகிறேன், பெயர், பட்டம், பதவி எல்லாம் போட்டு, என்று மனைவி ஞானேஸ்வரியிடம் சொன்னேன்.

"எழுதுங்கோ. பிள்ளையின்ர வேலையும் அதோட போகட்டும்."

"அங்க சனம் குடியேறப்போகுது, ஞானம்."

"சனத்துக்குக் கணக்கு மட்டும் காணும். பேர் ஆருக்கு? பரமலிங்கத்தாரின்ர முகம் கறுக்கிறதைப் பாக்கத்தானே?"

சும்மா கத்தினேன். அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறதா?

செப்டம்பர் 5

இல்லை.

செப்டம்பர் 17

லதுஷாவுக்கு நியமனம் வந்துவிட்டது. தாயும் மகளும் பண்டாரவளைக்குப் போய்ச் சேலை வாங்கி வந்தார்கள். வீடு நிறையச் சிரிப்பு. நான் பத்திரிகைக்குப் பின்னால்.

வெள்ளைமுனையில் அடிக்கல் நாட்ட நாள் குறித்தாயிற்று. வாடை தொடங்குமுன் முடித்துக்கொண்டு கொழும்புக்கு ஓட வேண்டுமே!

செப்டம்பர் 19

கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்தேன். பெயர் போடாமல்தான் அனுப்பப்போகிறேன். பெயரில்லாத கடிதத்தை இந்த நாட்டில் யார் மதிக்கிறார்கள்? அதனால் முதல் வரியிலேயே கேட்டேன்: மார்கழியில் அங்கே அலையை அளந்தது யார்? யார் கேட்டாலும் அதற்குக் கொழும்புக்காரர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

பரமலிங்கம் என்னைத்தான் சந்தேகிப்பான். சந்தேகத்தை வைத்து ஒரு பிள்ளையை வேலையால் நிறுத்த முடியாது. — முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. பழக்கதோசத்தில் கீழே பெயரும் பட்டமும் போட்டிருந்தேன். அன்று அவன் எடுத்த பெயரை இன்று நானே எடுத்தேன். 

உறையில் பதுளைத் தபால் முத்திரை விழக்கூடாது. மாத முடிவில் லதுஷாவைக் கொழும்பில் விடப் போகிறேன். அவள் அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகு, கோட்டை ரயில் நிலையத்தடியில் ஏதாவதொரு தபால் பெட்டியில் போட்டுவிட்டு மாலை ரயில் ஏறுவேன்.